பத்தடி தூரத்தில் ஒளிஞ்சான்

படகு தீவுத் துறையைத் தொட்டபோது மணி ஏழரை. ஆறு மணிக்குத் தொட்டிருக்க வேண்டும். நடுவழியில் இன்ஜின் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றுபோனது. படகோட்டும் கொழுந்தன் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, இன்ஜினுக்குள் தலையை விட்டுக்கொண்டு ஒன்றரை மணி நேரம் திட்டிய திட்டில்தான் அதற்கு மறுபடி உயிர் வந்தது. பறவை பார்க்க வருகிறவர்களுக்கு விடியற்காலை போனால் பாதி நாள் போன மாதிரி. இது கைடு அக்காவுக்கும் தெரியும், கொழுந்தனுக்கும் தெரியும். கெட்ட நேரத்துக்கு, வந்திருந்த வக்கீலுக்கும் நன்றாகவே தெரியும்.

கைடு அக்கா என்றுதான் அவளை எல்லோரும் கூப்பிடுவார்கள். பயணிகளைத் தீவுக்குக் கூட்டிவந்து, காலையில் காடு, மதியம் ஊர்க்காரர்களின் ஆட்டம், சாயங்காலம் திரும்பல் என்று ஒரு நாளைக் காட்டி அனுப்புவது அவள் வேலை. மூன்று வருஷத்துக்கு முன்னால் வரைக்கும் அந்த வேலையை அவள் வீட்டுக்காரர் பார்த்தார். அவர் போன பிறகு இவள் பார்க்கிறாள். அவர் ஓட்டிய படகை அவர் தம்பி, இவளுடைய கொழுந்தன், ஓட்டுகிறான்.

நேற்று மேனேஜர் கூப்பிட்டு நயமாகத்தான் சொன்னார். ஒளிஞ்சானைக் காட்டுகிறோம் என்று விளம்பரம் போட்டு எட்டுக் கூட்டம் போய் வந்தாயிற்று, எட்டும் வெறுங்கை. நாளைக்கும் காட்டாவிட்டால் தீவுப் பயணத்தையே நிறுத்திவிடலாம், அவள் ஆபீசில் உட்கார்ந்து டிக்கெட் கிழிக்கலாம் என்றார். கொழுந்தனுக்குப் படகு ஓட்டம் போய்விடும். இவளுக்குக் காடு போய்விடும். நாலு சுவருக்குள் ஒரு மாதம் உட்கார்ந்தால் தனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை.

ஒளிஞ்சான் என்பது படகுத்துறைக்காரர்கள் வைத்த பெயர். புத்தகத்தில் அதற்கு நீளமாக வேறு பெயர் உண்டு. முப்பது வருஷமாக அதை யாரும் கண்ணால் பார்த்ததில்லை, குரல் எப்படி இருக்கும் என்று புத்தகத்திலேயே இல்லை. வீட்டுக்காரர் கடைசியாகப் பதிவு செய்த ஒலியில், எந்தப் பறவையோடும் ஒட்டாத ஒரு கூவல் இருந்தது. காக்கைக்கும் கோழிக்கும் வித்தியாசம் தெரியாத மேனேஜர், இது ஒளிஞ்சான்தான் என்று முடிவு கட்டி ஆபீஸ் வாசலில் பேனர் கட்டிவிட்டார். அவர் முடிவு கட்டிய பிறகு பறவையே வந்து இல்லை என்றாலும் ஒத்துக்கொள்ள மாட்டார்.

வக்கீலின் நோட்டில் நானூற்றுத் தொண்ணூற்றொன்பது பறவை இருந்தது. ஐந்நூறாவது ஒளிஞ்சானாகத்தான் இருக்க வேண்டும் என்று ஆறு மாதமாக மனுஷர் நோட்டைத் தொடாமல் வைத்திருக்கிறாராம். கொழுந்தன் அவருக்கு 'ஐந்நூறு' என்று பெயர் வைத்துவிட்டான். கூட வந்த அவர் மனைவி பறவைக்காக வரவில்லை, ஆட்டம் பார்க்க வந்ததாகப் படகிலேயே சொல்லிவிட்டார்.

அன்றைய காலை எப்படிப் போயிற்று என்று கேட்டால் அழுகைதான் வரும். துறையில் எப்போதும் வெயில் காய்கிற பெரிய உடும்பு அன்றைக்குப் பார்த்து எங்கேயோ போய்விட்டது. கைடு அக்கா நீல மீன்கொத்தியைக் காட்டினாள். "இருக்கு" என்றார் வக்கீல். செந்தலைக் கிளியைக் காட்டினாள். "அதுவும் இருக்கு." பாறையிடுக்கில் குஞ்சுகளோடு உட்கார்ந்திருந்த கடல் ஆலாவைக் காட்டியபோது அவர் பைனாகுலரைத் தூக்கக்கூட இல்லை. பத்து மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. மழையோடு மழையாக ஒரு குரங்கு அவருடைய தொப்பியைத் தூக்கிக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. அந்தத் தொப்பியும் என் தலையில்தான் விடியும் என்று கைடு அக்கா நினைத்துக்கொண்டாள்.

ஆட்டமாவது ஒழுங்காக நடந்ததா என்றால் அதுவும் இல்லை. தீவுக்காரர்களின் கூடத்தில் பதினொன்றுக்கு ஆரம்பிக்க வேண்டியது. மேளக்காரருக்குப் பல்வலி. கன்னத்தில் துணியைக் கட்டிக்கொண்டு அவர் வந்து உட்கார்ந்தபோது மணி பன்னிரண்டே முக்கால். ஆனால் ஆரம்பித்த பிறகு நன்றாகத்தான் ஆடினார்கள். ஒவ்வொரு ஆட்டக்காரியும் ஒரு பறவையாக நடந்து, கழுத்தை வெட்டி, சிறகை உதறி ஆடினாள். வக்கீலின் மனைவி கைதட்டித் தட்டிச் சிவந்துபோனார். வக்கீல் ஆட்டத்தைப் பார்த்ததைவிடக் கடிகாரத்தைப் பார்த்ததுதான் அதிகம்.

கூடத்து வாசலில் மரப்பறவைகள் செதுக்கி விற்கிற ஒரு அம்மா உண்டு. தீவில் இருக்கிற பறவை அத்தனையும் அவர் பாயில் இருக்கும். ஒளிஞ்சான் எங்கே என்று வக்கீல் கேட்டார். அது மட்டும் செதுக்குவதில்லை என்றார் அந்த அம்மா. ஏன் என்று இவர் குறுக்கு விசாரணை மாதிரி ஆரம்பிக்க, அந்த அம்மா உளியைக் கீழே வைத்தார்.

"அது கூவறத நாங்க எல்லாரும் கேட்டிருக்கோம். ஆனா அதுக்கு இறக்கை இருக்கா, மூக்கு இருக்கான்னு பாத்தவங்க யாரும் திரும்பி வந்து சொல்லல. என்னன்னு வச்சுச் செதுக்கறது?"

வக்கீல் சிரித்தார். கைடு அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. வியாபாரத்துக்காகப் பேசுகிற பேச்சு என்று நினைத்துக்கொண்டு, அவரை இழுக்காத குறையாகக் காட்டுப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். மனைவி காலில் கொப்புளம் என்று சொல்லிவிட்டுக் கொழுந்தனோடு படகுக்குப் போய்விட்டார்.

தீவின் பின்பக்கம் முழுக்கச் சதுப்புக் காடு. அதற்குள் போக ஒரே வழி, முளைகளின்மேல் போட்ட பலகைப் பாதை. இரண்டு பக்கமும் கயிற்றுக் கைப்பிடி. பலகையை விட்டு ஒரு அடிகூடக் கீழே வைக்கக் கூடாது. மேலே இலைச்சருகு மூடிய சேறு கெட்டித் தரை மாதிரிதான் தெரியும், கால் வைத்தால் இடுப்பு வரை இழுத்துக்கொள்ளும். கல்யாணமான புதிதில் அவள் விளையாட்டாக ஒரு காலைக் கீழே நீட்டியதற்கு வீட்டுக்காரர் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. வாழ்க்கையில் அவர் அவளைத் திட்டியது அந்த ஒரு தடவைதான்.

அந்த மனுஷரைத்தான் பலகையிலிருந்து நாற்பதடி தள்ளிச் சேற்றில் குப்புறக் கண்டெடுத்தார்கள். ஒலிப்பதிவுக் கருவி கைப்பிடிக் கயிற்றில் பத்திரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதில் பதினாலு நிமிஷம் பதிவாகியிருந்தது.

பறவைக் குரல் பதிகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பதிவு முடிந்ததும் கருவியை நிறுத்துவதற்கு முன்னால், அதிலேயே தன் வாயால் சொல்லி முடிக்க வேண்டும். தேதி, நேரம், இடம், எத்தனை பறவை, எவ்வளவு தூரம். இதற்கு முடிப்பு என்று பெயர். முடிப்பு சொல்லாத பதிவு அரைகுறைப் பதிவு. வீட்டுக்காரர் தூக்கத்தில்கூட முடிப்பு சொல்லுவார். அந்தக் கடைசிப் பதிவில் முடிப்பு உண்டா இல்லையா என்று கைடு அக்காவுக்குத் தெரியாது. அதில் முதல் முப்பது செகண்டுக்கு மேல் அவள் கேட்டதே இல்லை. கேட்கத் தைரியமில்லை.

முப்பது செகண்டுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. பதிவை ஸ்பீக்கரில் போட்டுப் பறவையை வரவழைக்கிறவர்கள் முப்பது செகண்டுக்கு மேல் போடக் கூடாது, மூன்று தடவைக்கு மேல் போடக் கூடாது. அதிகம் போட்டால் தன் இடத்துக்கு எவனோ வந்துவிட்டான் என்று பறவைக்கு வெறி பிடிக்கும். அவள் ஒருநாளும் இதை மீறியதில்லை.

பாதையின் கோடியில் கயிற்றில் ஸ்பீக்கரை மாட்டிவிட்டு, போனைத் தட்டினாள். காலிப் பாட்டிலின் வாயில் ஊதின மாதிரி, தாழ்வாக மூன்று ஊதல். இடைவெளி. மறுபடி மூன்று. முப்பது செகண்டில் நிறுத்தினாள். காத்திருந்தார்கள். பூச்சிகள் ரீங்காரம் போட்டன. மழைத் தண்ணீர் இலையிலிருந்து இலைக்குச் சொட்டியது.

இரண்டாவது தடவை. ஒன்றுமில்லை. மூன்றாவது தடவை. கொசு கடித்ததுதான் மிச்சம்.

அவ்வளவுதானா என்றார் வக்கீல். அவ்வளவுதான் சார் என்றாள். அவர் பொரிந்து தள்ளிவிட்டார். ஆறு மாதம் காத்திருந்ததும், இன்ஜின் நின்றதும், தொப்பி போனதும், பல்வலி மேளக்காரரும் எல்லாம் அவள் தப்பு என்கிற மாதிரி பேசினார். ஆபீசுக்குப் போய் என்ன எழுதிக்கொடுக்க வேண்டுமோ எழுதிக்கொடுக்கிறேன் என்றார்.

கைடு அக்காவுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. காலையிலிருந்து மென்று விழுங்கியதெல்லாம் தொண்டைக்கு ஏறியது. மேனேஜர்மேல் ஆத்திரம், இந்த மனுஷர்மேல் ஆத்திரம், மழைமேல் ஆத்திரம். எல்லாவற்றுக்கும் மேலே, எந்த மரம், எந்தப் பக்கம் என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் போய்ச் சேர்ந்த புருஷன்மேல் ஆத்திரம். நாசமாய்ப் போகட்டும் என்று போனைத் தட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நிறுத்தவில்லை.

முப்பது செகண்ட் போயிற்று. ஒரு நிமிஷம் போயிற்று.

ஊதல்களுக்கு நடுவே ஒரு மூச்சு கேட்டது. அவருடைய மூச்சு. மூக்கில் லேசாக விசில் அடிக்கும், ஜலதோஷம் இல்லாவிட்டாலும். பளாரென்று ஒரு சத்தம், கழுத்தில் கொசு அடித்திருக்கிறார். பிறகு பை ஜிப்பைத் திறக்கிற சத்தம். மூன்று வருஷத்துக்கு அப்புறம் அவர் பக்கத்தில் நிற்கிற மாதிரி இருந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நாலாவது நிமிஷத்தில் காட்டுக்குள்ளிருந்து பதில் வந்தது.

மூன்று ஊதல்.

வக்கீல் அவள் தோளை அழுத்திப் பிடித்தார். கைடு அக்கா சட்டென்று ஸ்பீக்கரை நிறுத்தினாள். பறவை பதில் சொன்னதும் நிறுத்திவிட வேண்டும், அதுவும் ஒரு விதி.

ஸ்பீக்கர் நின்றது. காட்டுக்குள் கூவல் நிற்கவில்லை.

அப்போதுதான் கவனித்தாள். பூச்சிகள் எல்லாம் வாயை மூடிக்கொண்டிருந்தன. இலையில் சொட்டு விழும் சத்தம்கூட இல்லை. காற்றில் கிராம்புத் தைலம் மணத்தது. கொசுவுக்காக வீட்டுக்காரர் கழுத்தில் தடவிக்கொள்வது.

மூன்று ஊதல். இன்னும் கிட்டே.

பிறகு புதருக்குள்ளிருந்து ஒரு மூச்சு. மூக்கில் லேசாக விசில்.

பளார்.

ஜிப் திறந்தது.

சற்று முன்னால் ஸ்பீக்கரில் கேட்ட அத்தனையும், அதே வரிசையில், புதருக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது. அவள் கையிலிருந்த போனைப் பார்த்தாள். திரை அணைந்து கிடந்தது.

அவள் நிறுத்திய இடத்தில் அது நிறுத்தவில்லை. அவள் கேட்காத மீதியையும் புதர் சொல்லத் தொடங்கியது. கயிறு கிரீச்சிட்டது. சளக்கென்று ஒரு கால் சேற்றில் விழுந்தது. இன்னொரு கால். "இங்கதான் இருக்கு" என்று அவருடைய குசுகுசுப்பு. சளக். சளக். அப்புறம் கொஞ்ச நேரத்துக்கு, தண்ணீரும் மூச்சும் கலந்த ஒரு சத்தம். அதற்கு மேல் சேற்றுச் சத்தம் மட்டும்.

அவர் எப்படிப் போனார் என்று மூன்று வருஷமாகத் தெரியாமல் இருந்தது. இப்போது தெரிந்துவிட்டது. அவர் அதைப் பதிவு செய்துகொண்டிருந்த நேரத்தில், அதுவும் அவரைப் பதிவு செய்துகொண்டிருந்திருக்கிறது.

கொஞ்சம் இடைவெளி. பிறகு அவர் குரல், தெளிவாக, அவசரமில்லாமல், எப்போதும் முடிப்பு சொல்கிற தோரணையில் தேதியைச் சொன்னது.

இன்றைய தேதி.

"மதியம் மூணு பத்து. பலகைப் பாதைக் கோடி. ஆண் ஒன்று. பெண் ஒன்று. தூரம் பத்தடி."

அவள் திரும்பிப் பார்த்தாள். வக்கீல் முகத்தில் பயமே இல்லை. திருவிழாவில் தொலைந்த பிள்ளை கிடைத்த மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கூவல் மட்டும்தான் கேட்டிருக்கிறது. கேட்டுக்கொண்டே கயிற்றைத் தாண்டி ஒரு காலைக் கீழே வைத்துவிட்டார்.

"சார், எறங்காதீங்க."

"ச்சூ. பத்தடிதாம்மா இருக்கு."

அடுத்த காலும் போயிற்று. முழங்கால் வரை உள்ளே போனதும் அவருக்கு உறைக்கவில்லை. கைடு அக்கா எட்டி அவர் முதுகுப் பையின் வாரைப் பிடித்துக்கொண்டாள். அவர் முன்னால் இழுத்தார், அவள் பின்னால் இழுத்தாள்.

"எட்டடி" என்றது புதர்.

சருகு அசையவில்லை. எதுவும் நடந்து வரவில்லை. குரல் மட்டும் கிட்டே வந்தது.

"ஆறடி."

"ஏங்க" என்று அவள் வாயிலிருந்து தன்னையறியாமல் வந்தது. மூன்று வருஷத்து ஏக்கமும் கோபமும் அந்த ஒரு வார்த்தையில் இருந்தது. அவளுடைய இடது கால் கயிற்றைத் தாண்டியிருந்ததை அவள் கவனிக்கவில்லை.

"எறங்கி வா" என்றது அவர் குரல், அவ்வளவு பிரியமாக. "தரை கெட்டிதான்."



அவர் அப்படிச் சொல்லவே மாட்டார். உலகமே தலைகீழானாலும் இந்தச் சேற்றைப் பார்த்து அந்த வார்த்தையை அவர் சொல்ல மாட்டார். குரல் அவருடையது. சொல்கிறது அவர் இல்லை.

காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். என்ன செய்வது என்று தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். அரைகுறையாக நிற்கிற பதிவை முடிப்பு சொல்லித்தான் முடிக்க வேண்டும். வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, புதரைப் பார்த்து, தொண்டை கிழிய இன்றைய தேதியைச் சொன்னாள். நேரம் சொன்னாள். இடம் சொன்னாள்.

"பறவை இல்லை. யாரும் இல்லை. பதிவு முடிஞ்சது."

ஒரு பூச்சி கத்தியது. பிறகு இன்னொன்று. இலைகள் மறுபடி சொட்ட ஆரம்பித்தன.

வக்கீலைப் பலகைமேல் இழுத்துப் போட்டபோது ஒரு பூட்ஸ் சேற்றோடு போய்விட்டது. உயிர் தப்பினாரே என்று அவள் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க, அவர் முதல் வேலையாக நோட்டை எடுத்து, சேற்றுக் கையோடு ஐந்நூறு என்று எழுதி டிக் அடித்தார். வேறு என்ன கேட்டது சார் என்று கெஞ்சிக் கேட்டாள். ஒளிஞ்சான் கூவியது, வேறென்ன கேட்கும் என்றார். நடுவில் அவள் கத்தியதால்தான் அது பறந்துவிட்டதாம். இருந்தாலும் மன்னித்துவிட்டாராம்.

படகில் ஏறியதும் அந்தப் பதிவைப் போனிலிருந்து அழித்தாள். கொழுந்தன் பார்த்துக்கொண்டே இருந்தான். அண்ணனோட கடைசிப் பதிவாச்சே அண்ணி என்றான். இன்ஜின் சத்தத்தில் மற்றவர்கள் காதில் விழாமல், நடந்ததைச் சொன்னாள். அவன் கரை வரும் வரைக்கும் தண்ணீரைப் பார்த்தபடியே ஓட்டினான்.

ஐந்து மணிக்கு ஆபீசுக்குள் நுழைந்தபோது மேனேஜர் எழுந்து நின்று வரவேற்றார். வக்கீல் அவளுக்கு முன்னாலேயே போன் போட்டுச் சொல்லிவிட்டிருக்கிறார். தன் நண்பர்கள் எல்லோருக்கும்கூடச் சொல்லிவிட்டாராம். அரை மணி நேரத்தில் நாளைக் காலைக்கு நாற்பது பேர், ஐந்து படகு. டிக்கெட் கிழிக்கிற பேச்சே இனி இல்லை என்றார்.

அவள் நின்றுகொண்டே சொன்னாள். பலகைப் பாதையை மூட வேண்டும், அந்தக் கூவலை இனி யாரும் போடக் கூடாது, நாற்பது பேரையும் அவளால் வாரைப் பிடித்து இழுக்க முடியாது. மேனேஜர் பொறுமையாகக் கேட்டார். அலைச்சல் அதிகமாகிவிட்டது, வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்குங்கள் என்றார். நேற்று வரைக்கும் பறவை இல்லை என்று அழுதீர்கள், இன்றைக்குப் பறவை வந்தது என்று அழுகிறீர்கள் என்று சிரிக்க வேறு செய்தார். பதிவை அழித்துவிட்டேன் என்று அவள் சொன்னதும் அதற்கும் சிரித்தார்.

"அது போனா என்ன? போன வாரம் விளம்பரத்துக்குன்னு உங்ககிட்ட வாங்கினேனே. மத்தப் பயணத்துக்குப் போற அஞ்சு கைடுக்கும் அன்னிக்கே அனுப்பிட்டேன். எல்லார் போன்லயும் இருக்கு."

அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். மேனேஜர் தன் போனை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"கடைசியில நீங்க பேசறதுதான் நல்லா இருக்குன்னு பசங்க எல்லாம் சொல்றாங்க."

"நான் இதுல எங்கயும் பேசல" என்றாள்.

"நல்ல கதையா இருக்கே" என்று சொல்லிவிட்டு அவர் விரலால் பதிவின் கடைசிக்குத் தள்ளினார்.

மூன்று ஊதல். இடைவெளி. பிறகு அவளுடைய குரல். பயணிகளோடு பேசுகிற, நிதானமான, சிரிப்புக் கலந்த குரல். அது தேதியைச் சொன்னது. நாளைய தேதி.

"காலை ஏழு இருபது. பலகைப் பாதைக் கோடி. நாப்பத்தோரு பேர். பயப்படாதீங்க, தரை கெட்டிதான். ஒவ்வொருத்தரா எறங்கி வாங்க."

மேனேஜர் மனசுக்குள் கணக்குப் போட்டார். "நாப்பது பேர், உங்களையும் சேர்த்தா சரியா வருது" என்று சொல்லிவிட்டு, ஐந்து படகுக்காரர்களுக்கும் நேரம் சொல்லப் போனைக் காதில் வைத்தார்.